ஜீரோ மாடல் கிட்: பெட்டியைத் திறக்கும் முன்னும் பின்னும் கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த சண்டை விமானம் ஜீரோ. அதன் 1/48 அளவு (அசலில் 48-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட்டை, அதாவது பாகங்களை ஒட்டி நாமே செய்யும் மாடலை, மூன்று முறை செய்திருக்கிறேன். முதலாவது பார்க்கச் சகிக்காது, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதை மட்டும் வெளியே வைத்திருக்கிறேன். அதைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும் நானே தடுமாறிய இடங்களையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜீரோவில் பல வகை இருக்கிறதாமே, நீங்கள் சொல்வது எது?

ஏ6எம்2, மாடல் 21. முத்துத் துறைமுகத் தாக்குதல் முதல் மிட்வே கடற்போர் வரை கப்பல்களில் இருந்தது இதுதான். அடுத்து வந்த மாடல் 32-இல் இறக்கை முனைகளைச் சதுரமாக வெட்டியிருப்பார்கள். மாடல் 52-இல் புகைக்குழாய்கள் மூக்கின் பக்கவாட்டில் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். கடைகளில் 52-உம் நிறையக் கிடைக்கிறது. பெட்டிப் படத்தைப் பார்த்து ஏமாறாமல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஏன் ஜீரோ என்று பெயர்?

அது 1940-இல் படையில் சேர்ந்தது. ஜப்பானியப் பேரரசுக் கணக்கில் அது 2600-ஆம் ஆண்டு. கடைசி இலக்கம் பூஜ்யம் என்பதால் 'வகை 0'. நேச நாடுகள் வைத்த குறிப்பெயர் 'ஸீக்', ஆனால் அவர்களின் விமானிகளும் பெரும்பாலும் ஜீரோ என்றே அழைத்தார்கள்.

எந்த அளவில் வாங்குவது?

உண்மையான விமானத்தின் இறக்கை நீளம் சரியாக 12 மீட்டர், உடல் 9 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 1/72-இல் இறக்கை 16.7 சென்டிமீட்டர் வரும், உள்ளங்கையில் அடங்கிவிடும். 1/48-இல் 25. 1/32-இல் 37.5, அதற்குத் தனி அலமாரியே வேண்டும்.

முதல் மாடலுக்கு 1/72 போதும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்ன அளவில் பாகங்களும் சின்னவை, ஜீரோவின் கண்ணாடி மூடியில் உள்ள சட்டங்களோ மயிரிழை அளவுக்குப் போய்விடும். 1/48-இல் விரலுக்குப் பிடி கிடைக்கும், பிழை நடந்தாலும் திருத்த இடம் இருக்கும்.

எந்த நிறுவனத்தின் கிட் நல்லது?

டாமியா கிட்டில் பாகங்கள் பொருந்துவது ஒரு சுகம். மூன்று அளவுகளில் ஜீரோ போட்டிருக்கிறார்கள், ஆனால் அவர்களின் 1/48 மாடல் 21 மட்டும் 1970-களின் பழைய அச்சு, அதைத் தவிர்க்கலாம். ஹாசேகாவாவின் 1/48 மாடல் 21 எளிமையானது, வடிவம் சரியாக இருக்கும், உள்ளே விவரம் குறைவு. எட்வார்ட் 2021-இல் வெளியிட்ட 1/48 மாடல் 21-இல் விவரம் கொட்டிக் கிடக்கிறது, ஒவ்வொரு ரிவெட்டும் புள்ளியாகத் தெரியும். அசல் விமானத்தில் ரிவெட்டுகளை உலோகத்தின் மட்டத்துக்கே அழுத்திப் பதித்திருந்தார்கள். அதனால் அந்தப் புள்ளிகள் அதிகப்படி என்று சிலர் முணுமுணுப்பார்கள். பெயின்ட் ஏறியதும் பாதி மறைந்துவிடும், இதற்காகச் சண்டை போடத் தேவையில்லை.

என்னென்ன கருவி வேண்டும்?

பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை நறுக்க ஒரு நல்ல நிப்பர், கூரான கத்தி, 400 முதல் 1000 வரை மணல் காகிதம், ஒரு சாமணம், மாஸ்கிங் டேப், மாடலுக்கென்றே விற்கும் திரவப் பசை. இந்தப் பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரண்டு பிளாஸ்டிக் விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். அதனால்தான் அது தவறான இடத்தில் சிந்தினால் துடைக்கக் கூடாது. அப்படியே காயவிட்டு மறுநாள் தேய்ப்பதுதான் வழி. துடைத்தால் உங்கள் கைரேகை விமானத்தில் நிரந்தரமாகப் பதியும். என் முதல் ஜீரோவின் முதுகில் என் கட்டைவிரல் இன்னும் இருக்கிறது.

பசைக்கும் பெயின்டுக்கும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? விளக்கத்தாளில் காக்பிட் (விமானி அமரும் இடம்) என்று இருக்கிறது.

காக்பிட்டுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எந்த விமானம், எந்த நாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பொதுவாக 'ஒரு ஜீரோ' என்று செய்ய உட்கார்ந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் தடுக்கும். உள்ளே எந்தப் பச்சை? இறக்கை முனையை மடக்குவதா? வயிற்றில் எரிபொருள் கலம் உண்டா? பெயின்ட் உரிந்திருக்குமா? விளக்கத்தாள் 'அல்லது' போட்டு இரண்டையும் காட்டும். நாளை முடிவு செய்துவிட்டால் இந்த 'அல்லது'களில் முக்கால்வாசி தானாக உதிர்ந்துவிடும்.

என் மூன்றாவது மாடலுக்கு நான் எடுத்துக்கொண்ட நாள் 1942 ஏப்ரல் 9. அன்று காலை ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு. இந்தப் படையெடுப்பில் ஐந்து பெரிய விமானந்தாங்கிகள் வந்தன: அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, சூய்காகு. ஆறாவதான காகா வரவில்லை. பிப்ரவரியில் பலாவு தீவருகே பாறையில் உரசிக்கொண்டு, பழுதுபார்க்க ஜப்பானுக்குத் திரும்பிவிட்டது. ஆக, இந்தியப் பெருங்கடல் ஜீரோ செய்கிறேன் என்று காகாவின் குறியை ஒட்டினால் அது தவறு. சில பெட்டிகளில் எல்லாக் கப்பல்களின் டீகாலும் (நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) இருக்கும், கவனம்.

எந்தக் கப்பலின் விமானம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உடலின் பின்பகுதியைச் சுற்றியுள்ள பட்டையைப் பாருங்கள். அகாகிக்கு ஒரு சிவப்புப் பட்டை, காகாவுக்கு இரண்டு சிவப்பு. சோர்யூவுக்கு ஒரு நீலம், ஹிர்யூவுக்கு இரண்டு நீலம். ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, சூய்காகுவுக்கு இரண்டு வெள்ளை. வாலில் இதே கணக்கு எழுத்தாக வரும்: சிவப்புப் பட்டைக் கப்பல்களுக்கு ஆங்கில ஏ, நீலத்துக்கு பி, வெள்ளைக்கு ஈ. பக்கத்தில் ரோம எண் ஒன்று அல்லது இரண்டு, அப்புறம் விமானத்தின் எண்.

நான் ஹிர்யூவை எடுத்தேன். வெளிர் சாம்பல் உடலில் வெள்ளைப் பட்டை எடுபடாது. சிவப்புப் பட்டை எல்லோரும் செய்வது. இரண்டு நீலப் பட்டை அமைதியாக இருக்கும், வட்டச் சிவப்புச் சூரியனோடு மோதாது. இதற்கு வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

உள்ளே எந்தப் பச்சை?

இங்கேதான் நாள் உதவுகிறது. ஜீரோவை வடிவமைத்தது மிட்சுபிஷி, தலைமைப் பொறியாளர் ஜிரோ ஹோரிகோஷி. பின்னால் நகாஜிமா நிறுவனமும் அதே விமானத்தைத் தயாரித்தது, கடைசியில் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் அவர்கள் கைவேலையே. ஆனால் நகாஜிமா தொடங்கியது 1941 இறுதியில்தான். 1942 ஏப்ரலில் இந்தக் கப்பல்களில் இருந்தவற்றை மிட்சுபிஷி என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு தொழிற்சாலைகளின் காக்பிட் பச்சையும் வேறு வேறு, பெயின்ட் நிறுவனங்கள் இரண்டு குப்பியாகவே விற்கின்றன. மிட்சுபிஷி என்று எழுதியதை எடுங்கள்.

இதே காரணத்தால் உடல் பக்கவாட்டுச் சூரியனைச் சுற்றி வெள்ளை வளையம் வராது. அந்த வளையம் நகாஜிமா விமானங்களின் அடையாளம்.

இருக்கையின் முதுகில் துளை துளையாக இருப்பதைப் பார்த்துக் கிட்டில் குறை என்று ஒருவர் நினைத்துவிட்டார். அது குறையல்ல. எடையைக் குறைக்க வேண்டுமென்றே போட்ட துளைகள். இந்த விமானத்தின் 14 சிலிண்டர் சகாயே என்ஜின் கொடுத்தது சுமார் 940 குதிரைத்திறன் மட்டும். அதை வைத்துக்கொண்டு மணிக்கு 530 கிலோமீட்டர் வேகமும், கூடுதல் கலத்தோடு 3000 கிலோமீட்டர் வீச்சும் எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு கிராமையும் பிடுங்கத்தான் வேண்டும். விமானிக்குக் கவசத் தகடு இல்லை, குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை. அந்தத் துளை போட்ட இருக்கைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்பதை வண்ணம் அடிக்கும்போது பார்ப்பீர்கள்.

இறக்கையையும் உடலையும் சேர்க்கும் இடத்தில் இடைவெளி வருகிறது. புட்டி போடலாமா?

முதலில் பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் இடைவெளிக்குக் காரணம் காக்பிட் தொட்டி கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து உடலை அகட்டியிருப்பதுதான். அதைச் சரி செய்தால் பாதி மூடிவிடும். மிச்சத்துக்கு மேல் இறக்கையை உடலோடு இறுக்கமாக ஒட்டிவிட்டு, இடைவெளியைக் கீழே வயிற்றுப் பக்கம் தள்ளுங்கள். கீழே புட்டி போட்டுத் தேய்ப்பது சுலபம். மேலே தேய்த்தால் கோடுகள் அழியும்.

அசலில் இரண்டு இறக்கையும் உடலின் நடுப்பகுதியும் ஒரே துண்டாகச் செய்யப்பட்டன, வால் பகுதி தனியாகக் கழன்று வரும். அதனால் இறக்கை வேரில் ஆழமான கோடு தெரியக் கூடாது, மென்மையான வளைவு ஒன்றுதான் இருக்கும்.

இறக்கை முனையை மடக்கி வைக்கலாமா?

மாடல் 21-இல் ஒவ்வொரு முனையிலும் 50 சென்டிமீட்டர் மட்டும் மேலே மடங்கும். கப்பலின் லிஃப்டில் உரசாமல் இறங்குவதற்காக. 1/48-இல் அது ஒரு சென்டிமீட்டர். மடக்கி வைத்தால் கப்பல் விமானம் என்று உடனே தெரியும், ஆனால் கீலில் உடையவும் செய்யும். நான் மடக்கவில்லை.

வெளி வண்ணம் உண்மையில் என்ன? வெள்ளையா, சாம்பலா, பழுப்பா?

இந்தக் கேள்வியால் பல நண்பர்கள் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

பழைய கிட் விளக்கத்தாள்கள் வெளிர் சாம்பல் என்றன. சில படங்களில் கிட்டத்தட்ட வெள்ளை. உடைந்து கிடைத்த அசல் துண்டுகளைப் பார்த்தவர்கள் அதில் பச்சை கலந்த பழுப்புச் சாயல் இருப்பதைக் கண்டார்கள். 1942-ஆம் ஆண்டு ஜப்பானியக் கடற்படை ஆய்வறிக்கை ஒன்று ஜீரோவின் வண்ணத்தை 'ஜே3 சாம்பல், அதில் லேசான அமெ-இரோ சாயல்' என்கிறது. அமெ என்றால் மிட்டாய்ப்பாகு, இரோ என்றால் நிறம். அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சிலர் விமானத்தைக் கருப்பட்டி நிறத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். அறிக்கை சொல்வது 'லேசான' என்று. முதல் சொல் சாம்பல்.

வெயிலிலும் உப்புக்காற்றிலும் அந்த பெயின்ட் மேலே சுண்ணாம்பு பூத்தது போல வெளுக்கும். கறுப்பு வெள்ளைப் படங்களில் அது வெள்ளையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆக, சாம்பலில் துளி ஆலிவ் சாயல், மேற்பரப்பில் கொஞ்சம் வெளிறல். குப்பியிலேயே 'ஜீரோ சாம்பல் பச்சை' என்று வருவதை எடுத்து, இறக்கையின் மேல்பக்கத்துக்கு மட்டும் சில சொட்டு வெள்ளை சேர்த்தேன். சின்ன மாடலுக்கு எந்த வண்ணமும் கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் கறுப்பாகத் தெரியும் என்பதும் ஒரு காரணம்.

என்ஜின் மூடி தனி. அது நீலம் கலந்த கறுப்பு. நேரே கறுப்பு அடித்தால் செத்த மாதிரி இருக்கும், ஒரு சொட்டு அடர்நீலம் விடுங்கள்.

மேலே பச்சை அடித்த ஜீரோ படம் பார்த்தேனே?

அது பின்னால் வந்தது. 1942 ஏப்ரலில் கப்பலில் இருந்தவை முழுச் சாம்பல்.

ஏர்பிரஷ் இல்லை. தூரிகையால் அடிக்கலாமா?

தாராளமாக. ஒரே நிற விமானம் என்பதால் ஜீரோ தூரிகைக்கு ஏற்றது. அக்ரிலிக் பெயின்டைப் பால் பதத்துக்கு இளக்கி, அகலமான மென் தூரிகையால் நான்கைந்து மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். முதல் இரண்டு பூச்சில் திட்டுத் திட்டாக, அசிங்கமாக இருக்கும். அங்கேதான் பயந்துபோய் கெட்டியாக அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள்.

கண்ணாடி மூடியில் இத்தனை சட்டமா? எப்படி அடிப்பது?

இந்த மாடலில் பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான். கிட்டுக்கென்று வெட்டப்பட்ட மாஸ்க் (கண்ணாடியை மறைக்கும் ஒட்டுத்தாள்) தனியாக விற்கிறார்கள். செலவு என்றாலும் வாங்கிவிடுங்கள், ஒரு சனிக்கிழமை மிச்சமாகும். சட்டங்களுக்கு முதலில் காக்பிட்டின் பச்சை, அது காய்ந்ததும் மேலே சாம்பல். உள்பக்கத்திலிருந்து பார்க்கும்போது பச்சை தெரியும்.

மூடியை ஒட்ட உடனடிப் பசையைப் பயன்படுத்தக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் பனி படிந்தது போல வெள்ளையாகப் படரும், உள்ளே செய்த வேலை எல்லாம் மூட்டத்துக்குள் போய்விடும். வெள்ளைப் பசை போதும், கறையும் தண்ணீரில் போகும்.

டீகால் ஒட்டினால் ஓரத்தில் வெள்ளி மாதிரி பளபளக்கிறது. ஏன்?

மங்கலான பெயின்ட் நுணுக்கமாகப் பார்த்தால் மேடு பள்ளம். டீகால் மேட்டில் மட்டும் ஒட்டும், பள்ளத்தில் காற்று தங்கும், அந்தக் காற்றுதான் பளபளக்கிறது. டீகாலுக்கு முன் பளபளப்பான தெளிவுப் பூச்சு அடித்தால் பிரச்சினை வராது. சிவப்பு வட்டம் பெரிதாக இருப்பதால் இறக்கையின் கோடுகளுக்குள் இறங்க டீகால் மென்மையாக்கி தேவைப்படும். அது பட்டதும் டீகால் சுருங்கிச் சுருண்டு உயிரே போனது போல இருக்கும். கை வைக்காதீர்கள், தானே விரியும். பட்டைகளை மட்டும் நான் டீகாலாக ஒட்டாமல் டேப் ஒட்டி அடித்தேன். சுற்றி வரும் பட்டை முனைகள் சந்திக்கும் இடத்தில் டீகால் எப்போதும் ஒரு முடி அளவு கோணும்.

பெயின்ட் உரிந்து உலோகம் தெரியும்படி செய்யலாமா? எல்லா ஜீரோ மாடலும் அப்படித்தானே இருக்கிறது?

ஆமாம், எல்லா மாடலும் அப்படித்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு வருத்தம். தெற்குப் பசிபிக் தீவுகளில் ஓட்டை உடைசலாகக் கிடந்த, பச்சை அடித்த ஜீரோக்களின் படங்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். அவசரமாக மேலே அடித்த பச்சை பெயின்ட் தோல் தோலாக உரிந்தது உண்மை. 1942 ஏப்ரலின் கப்பல் ஜீரோ வேறு. தொழிற்சாலையில் ஒழுங்காகப் பூசிய சாம்பல் உறுதியானது. கப்பலில் ஒவ்வொரு விமானத்தையும் துடைத்துப் பராமரிக்க ஆட்கள் இருந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருந்த படை அது, விமானத்தை அழுக்காக விடவில்லை.

அப்போது எதைக் காட்டுவது? மூக்கின் கீழே புகைக்குழாயிலிருந்து வயிற்றில் பின்னோக்கி ஓடும் மெல்லிய கரி. விமானி ஏறும் இடத்தில், இறக்கை வேரில், காலணி உரசிய மங்கல். மேலே சொன்ன வெளிறல். முடிவில் பாதி மினுமினுப்பான பூச்சு. என் இரண்டாவது ஜீரோவில் வெள்ளி பெயின்டும் பஞ்சும் எடுத்துக் குத்து குத்து என்று குத்தினேன். அம்மை வந்த விமானம் போல இருந்தது.

வயிற்றில் எரிபொருள் கலம் மாட்டலாமா?

330 லிட்டர் கலம் அது, நீண்ட தூரத் துணைப்பறப்புக்கு. சண்டைக்கு முன் கழற்றிவிடுவார்கள். கப்பலிலிருந்து கிளம்பும் நிலையில் காட்டினால் மாட்டலாம். திரும்பி வந்த நிலையில் காட்டினால் மாட்டக் கூடாது, புகைக்கரியும் கொஞ்சம் கூட வேண்டும்.

சக்கரக்கால் மூடியில் சிவப்பு, மஞ்சள், நீலக் கோடுகள் எதற்கு?

விமானத்தின் சுமையைக் காட்ட. எடை ஏற ஏறக் கால் அமுங்கும், எந்தக் கோடு வரை அமுங்கியது என்று தரையில் நிற்பவர் பார்த்துத் தெரிந்துகொள்வார். டீகாலாகவே வரும், தவறவிடாதீர்கள்.

மூக்கில் எடை வைக்க வேண்டுமா?

வேண்டாம். வால் சக்கரத்தில் உட்காரும் விமானம்.

சுழலிக்கு என்ன நிறம்?

முன்பக்கம் உலோக நிறம், முனையில் இரண்டு சிவப்புக் கோடு. விமானியின் பக்கம் செம்பழுப்பு, வெயில் பட்டுக் கண் கூசாமல் இருக்க.

ஜீரோவுக்குப் பக்கத்தில் ஹெல்கேட் வைக்க ஆசை. பிடிபட்ட ஜீரோவைப் பார்த்துத்தான் அமெரிக்கர்கள் ஹெல்கேட்டை வடிவமைத்தார்களாமே?

நல்ல கதை, தேதிகள் ஒத்துவரவில்லை. 1942 ஜூன் 4 அன்று ர்யூஜோ கப்பலின் ததாயோஷி கோகா என்ற விமானியின் ஜீரோ அலூஷியன் தீவுகளில் அகுடான் என்ற இடத்தில் சதுப்பில் கவிழ்ந்தது. அமெரிக்கர்கள் அதைக் கண்டுபிடித்தது ஜூலையில். ஹெல்கேட்டின் முதல் முன்மாதிரி ஜூன் 26-ஆம் தேதியே பறந்துவிட்டது, ஒப்பந்தம் கையெழுத்தானது 1941-இல். ஜீரோவோடு மோதிய அனுபவம் ஹெல்கேட்டுக்கு உதவியது. அந்த அகுடான் விமானம் உதவியது, எப்படிச் சண்டையிடுவது என்று விமானிகளுக்குச் சொல்லித்தர. பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஹெல்கேட் எருமை மாதிரி இருக்கும். 2000 குதிரைத்திறன் என்ஜின் அது.

நம் பக்கத்துக் கடலில் வந்து குண்டு போட்ட விமானம். அதைச் செய்து அலமாரியில் வைப்பது சரியா?

என்னிடம் இதைக் கேட்டவர் வயதானவர், கோபமாகக் கேட்கவில்லை. ஏப்ரல் 5 அன்று திருகோணமலையிலிருந்து கொழும்பு நோக்கிப் பறந்த ஆறு சுவார்ட்ஃபிஷ் விமானங்களை, இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட மெதுவான விமானங்களை, ஜீரோக்கள் மொத்தமாக வீழ்த்தின. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கி 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை மூழ்கடித்தவை ஜீரோக்கள் அல்ல, குண்டுவீச்சு விமானங்கள். அப்போது ஹெர்மிஸில் எதிர்த்துப் பறக்க ஒரு விமானமும் இல்லை. அதே வாரம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, சென்னை பாதி காலியானது.

நான் சொன்ன பதில் இதுதான்: அதனால்தான் நாளோடு செய்கிறேன். என் அலமாரியில் அந்த ஜீரோவுக்குக் கீழே ஒரு சிறு அட்டையில் 'ஹிர்யூ, 1942 ஏப்ரல் 9, திருகோணமலை' என்று எழுதியிருக்கிறது. வீரப் பட்டங்கள் எதுவும் இல்லை. அவர் அட்டையைப் படித்தார். அடுத்து ஹரிக்கேன் செய்வாயா என்று கேட்டார். அன்று திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பி எதிர்த்தவை பிரிட்டிஷ் சண்டை விமானங்களான ஹரிக்கேன்கள். இப்போது அதுதான் மேசையில் பாதி ஒட்டிய நிலையில் கிடக்கிறது.

கடைசியாக, ஆன்டெனா கம்பி போடுவது எப்படி?

காலியான சட்டத் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடித்து, இளகியதும் வெளியே எடுத்து மெதுவாக இழுத்தால் நூல் போல நீளும். கம்பத்தின் உச்சியில் ஒரு பொட்டு பசை, வாலின் உச்சியில் ஒரு பொட்டு. தொய்ந்தால் ஊதுபத்தி நுனியை அருகில் காட்டினால் விறைத்துக்கொள்ளும். தொடக் கூடாது, அருகில் மட்டும். தொட்டால் அறுந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து.